கெட்டுப்போன தீவனமும் கலாசாலை ஆராய்ச்சியும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்துக்குரிய பிரசங்கம்)



விவசாயக் கலாசாலைகளிலும் மிருக வைத்தியக் கலாசாலைகளிலும் முதற் பட்டம் பெற்ற பின்னரும் ஊர் திரும்பாமல், மேற்பட்டத்தை நாடி ஆராய்ச்சிசாலையிலேயே பல வருஷங்களைக் கழிக்கும் மாணாக்கர் உண்டு. ஒருவர் வைக்கோலை நிறுத்துக்கொண்டிருப்பார். ஒருவர் முயலிடமிருந்து சிறிது இரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றொருவர் சாணத்தை உலர்த்தி, அதனுள் தீவனச்சத்து எவ்வளவு வீணாய்ப் போயிற்றென்று கணக்கிட்டுக்கொண்டிருப்பார். இவற்றால் தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கு ஆகும் பயன் யாது என்று குடியானவர் கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானதே. வரி செலுத்துவோருக்கு இதைக் கேட்கும் பாத்தியதை உண்டு.

இக்கேள்விக்குத் தர்க்கத்தால் விடை கூறுவதினும், உண்மையில் நடந்த ஒரு வரலாற்றைக் கொண்டு விடை கூறுவது மேலாகும். அவ்வரலாறு வட அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஆராய்ச்சி குடியானவருக்குக் கொடுத்தது என்ன என்பதும், கொடுக்க இயலாமல் நின்றது எங்கே என்பதும் அதில் ஒருங்கே விளங்கும்.

புதுப் பயிரும் புது நோயும்

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்ப காலத்தில், கனடா தேசத்து ஆல்பர்ட்டா மாகாணத்திலும் ஐக்கிய அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா முதலிய ராஜ்யங்களிலும் 'ஸ்வீட் குளோவர்' என்னும் தீவனப் பயிர் பரவலாயிற்று. அது பயறு, கொள்ளு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மழை குறைந்த சீமையிலும் சத்துக் குறைந்த மண்ணிலும் வளரக்கூடியது. வேர்முடிச்சுகளின் வாயிலாகக் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலத்தில் சேர்த்து மண்ணையும் வளப்படுத்துவது. அறுத்து உலர்த்தும்போது அதனின்று இனிய மணம் வீசும். அம்மணத்துக்குக் காரணம் 'கூமரின்' என்னும் ஒரு பொருள். வேறு பயிர்கள் பொய்த்த இடங்களில் இது கைகொடுத்தமையால் குடியானவர் இதனைப் பெரிதும் போற்றினர்.

அந்நாடுகளில் குளிர்காலத்தில் பூமி முழுவதும் பனி மூடிக் கிடக்கும். மேய்ச்சல் என்பதே இராது. கோடையில் அறுத்து உலர்த்திக் கொட்டகையில் சேமித்த புல்லை நம்பியே மாடுகள் பல மாதங்கள் பிழைக்கவேண்டும். ஸ்வீட் குளோவருக்கோ ஒரு குறையுண்டு. அதன் தண்டு பருத்தது, சாறு மிகுந்தது; எளிதில் உலராது. அறுவடைச் சமயத்தில் மழை பெய்தால் ஈரம் போகாமலே போரில் ஏறிவிடும். ஈரத்தோடு ஏறிய போரில் பூசணம் பூக்கும்.

1920-க்குப் பிந்திய சில வருஷங்களில், இப்பயிரை உண்ட மந்தைகளில் ஒரு விபரீதம் காணப்பட்டது. கன்றுகளுக்குக் காயடித்த புண்ணினின்றும், கொம்பு அறுத்த இடத்தினின்றும் ஒழுகிய இரத்தம் நிற்கவே இல்லை. வழக்கமாகச் சிறிது நேரத்தில் உறைந்துவிட வேண்டிய இரத்தம், தண்ணீரைப்போல் ஓடிக்கொண்டேயிருந்து கன்று மாண்டது. யாதொரு புண்ணும் இல்லாத மாடுகளுங்கூடத் தோலின்கீழ் இரத்தம் கட்டி வீங்கியும், உள்ளுக்குள்ளேயே இரத்தம் பெருகியும் இறந்தன. இது தொற்றுநோய் என்று அஞ்சியவரும் உண்டு. ஆயினும் நோய்க்கிருமி ஒன்றும் அகப்படவில்லை.

இரண்டு முயல்களின் சாட்சியம்

கனடாவின் ஒன்டாரியோ மிருக வைத்தியக் கலாசாலையைச் சேர்ந்த பிராங்க் ஸ்கோபீல்டு என்பவர் இந்நோயின் மூலத்தைத் தேடினார். ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளைத் தனியாகவும் கெட்ட தண்டுகளைத் தனியாகவும் பிரித்தெடுத்தார். நல்லதை ஒரு முயலுக்கும் கெட்டதை மற்றொரு முயலுக்கும் கொடுத்து வந்தார். நல்லதைத் தின்ற முயல் சௌக்கியமாயிருந்தது. கெட்டதைத் தின்ற முயல் இரத்தப்பெருக்கால் இறந்தது. பயிரும் ஒன்று, நிலமும் ஒன்று, போரும் ஒன்றாயிருக்க, வேறுபாடு கெட்டுப்போனதில் மாத்திரமே இருந்தமையால், குற்றம் பயிரின்மேலுமன்று, கிருமியின்மேலுமன்று, பூசணத்தால் கெட்ட தீவனத்தின்மேலேயே என்று அவர் நிச்சயித்தார். இம்முடிவை 1924-ம் வருஷத்துக்குள் பிரசுரமும் செய்தார்.

அதன் பின்னர் வடக்கு டக்கோட்டாவில் ரோடரிக் என்னும் மிருக வைத்திய ஆராய்ச்சியாளர், இந்நோய்கொண்ட மாட்டின் இரத்தத்தில் 'புரோத்ராம்பின்' என்னும் உறைபொருள் குன்றிப் போவதைக் கண்டறிந்தார். கெட்ட தீவனத்தைத் தொடர்ந்து உண்ணும் மாட்டுக்குச் சுமார் 15 நாட்களுக்குப்பின் இரத்தம் உறையும் சக்தி குறையத் தொடங்கும். 30 முதல் 50 நாட்களுக்குள் மரணம் நேரிடும். தீவனத்தை உடனே நிறுத்தி, ஆரோக்கியமான மாட்டின் புது இரத்தத்தை ஏற்றினால், காலம் கடந்துவிடாதவரையில் மாடு பிழைக்கும். இவையும் தெளிவாயின.

ஆகவே நோயின் காரணமும் தெரிந்துவிட்டது. தவிர்க்கும் வழியும் தெரிந்துவிட்டது. காரியம் முடிந்தது என்றே எவரும் எண்ணுவர். முடியவில்லை என்பதைக் காட்ட ஒரு குடியானவர் வந்தார்.

பனியில் வந்த பாரம்

1933-ம் வருஷம் பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை. விஸ்கான்சின் ராஜ்யத்தில் கடும் பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. டீர்பார்க் என்னும் ஊரின் அருகிலிருந்து ஒரு குடியானவர் சுமார் 190 மைல் தூரம் லாரியை ஓட்டிக்கொண்டு மாடிசன் நகரத்துச் சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்தவை மூன்று: இறந்துபோன கிடாரி ஒன்று, உறையாத இரத்தம் நிரம்பிய பால் கேன் ஒன்று, கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் புல் சுமார் 100 ராத்தல். மிருக வைத்திய அதிகாரியைத் தேடிவந்த அவருக்கு அக்காரியாலயம் மூடியிருந்தது. திறந்திருந்த கதவு ஜீவரசாயனப் பகுதியினுடையது. அங்கே ஆசிரியராயிருந்தவர் கார்ல் பால் லிங்க்.

லிங்க் அக்காலத்தில் இப்பயிருக்குப் புதியவரல்லர். அதே சர்வகலாசாலையில் பிரிங்க், ஸ்மித் என்னும் பயிர் வமிச நிபுணர் இருவர், கூமரின் குறைந்த ஸ்வீட் குளோவரை உண்டாக்க முயன்றுகொண்டிருந்தனர். அது சம்பந்தமான ரசாயன வேலை சற்று முன்னரே லிங்கிடம் வந்திருந்தது. ஆயினும் அன்று வந்தவருக்கு அவர் சொல்லக்கூடியதாயிருந்தது, ஸ்கோபீல்டும் ரோடரிக்கும் கண்டது மாத்திரமே. அப்புல்லைப் போடுவதை நிறுத்தவேண்டும். கூடுமானால் நோயுற்ற மாடுகளுக்கு வேறு மாட்டின் இரத்தம் ஏற்றவேண்டும்.

புத்திமதி சரியானதே. ஆனால் குடியானவரிடம் இருந்த புல் அது ஒன்றே. பொருளாதார மந்தத்தால் விளைபொருளுக்கு விலையின்றி அந்நாட்டுக் குடியானவர் நொடிந்திருந்த காலம் அது. வெளியே பனி மூடிக் கிடக்க, கொட்டகையிலுள்ளதை எறிந்துவிட்டு மாட்டுக்கு எதைப் போடுவது? அவர் அதே பனியில் 190 மைல் திரும்பிச் சென்றார். அவர் சென்றபின், ஆராய்ச்சிசாலையின் உதவியாளர் ஷோபெல் என்பவர் மிகவும் மனங்கொதித்து, வேறு தீவனமற்றவனுக்கு இந்த யோசனை என்ன பிரயோஜனம் என்று முறையிட்டதாக லிங்க் பின்னாளில் எழுதிவைத்திருக்கின்றார். அன்று மாலையே, அக்குடியானவர் விட்டுச்சென்ற இரத்தத்தையும் புல்லையும் வைத்துக்கொண்டு அவர்கள் வேலையைத் தொடங்கினர்.

மாணாக்கரின் ஆறு வருஷம்

கெட்ட புல்லில் விஷம் இருக்கின்றது என்பது தெரியும். அவ்விஷம் இன்னது என்பது தெரியாது. பல நூறு பொருள்கள் கலந்துள்ள புல்லில், மிகச் சிறிய அளவே உள்ள ஒரு பொருளைத் தனியே பிரித்தெடுப்பது எங்ஙனம்? புல்லை ஒரு திராவகத்தில் ஊறவைத்து இரண்டு பங்காகப் பிரித்தால், விஷம் எந்தப் பங்கில் சென்றது என்று அறிய ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் முயலேயாம். ஒவ்வொரு பங்கையும் முயலுக்குக் கொடுத்து, அதன் இரத்தம் உறைவதற்கு எவ்வளவு நேரமாகின்றதென்று கணக்கிடவேண்டும். முயலுக்கு முயல் இதில் வித்தியாசப்படும். ஆதலால் ஒரே சீராகக் குணங்காட்டும் முயல்களைப் பொறுக்கி எடுக்கவேண்டியிருந்தது. அளவுகோலை நிச்சயமாக்குவதற்கே வருஷங்கள் சென்றன. முயலின் இரத்தமும் கடிகாரமும் என்று குடியானவர் நகைக்கும் வேலை இதுவே.

இவ்வேலை லிங்கின்கீழ் மேற்பட்டத்துக்குப் பயின்ற மாணாக்கராலும் உதவியாளராலும் நடைபெற்றது. அவர்களுள் ஹரால்டு காம்பெல் என்பவர், 1939-ம் வருஷம் ஜூன் மாதத்தில், இரவெல்லாம் வேலைசெய்து விடியும் வேளையில், பூதக்கண்ணாடியின்கீழ் அவ்விஷத்தின் பளிங்குத் துகள்களைக் கண்டார். குடியானவர் வந்துசென்று ஆறு வருஷங்களுக்கு மேலாகியிருந்தது. பின்னர் மார்க் ஸ்டாமன் என்பவர் அதிகமான புல்லை எடுத்து அதே பொருளைக் கூடுதலாகப் பிரித்தெடுத்தார். சார்லஸ் ஹியூப்னரும் அவரும் சேர்ந்து அதன் ரசாயன அமைப்பைக் கண்டறிய, 1940-ம் வருஷத்தில் அப்பொருளைப் புல்லின் உதவியின்றியே செயற்கையாகவும் செய்தனர். புல்லிலிருந்து எடுத்ததும் கையாற் செய்ததும் ஒரே குணத்தைக் காட்டின. விஷம் பிடிபட்டது. அதற்கு 'டைகூமரால்' என்று பெயர் வழங்கலாயிற்று.

அமைப்புத் தெரிந்தவுடன் மர்மம் முழுவதும் விளங்கிற்று. புல்லுக்கு மணந்தருகின்ற கூமரின் தானாக இரத்தத்தைக் கெடுப்பதில்லை. ஈரப் போரில் பூசணம் பூக்கும்போது கூமரின் மாறுதலடைந்து, அவ்விதம் மாறிய இரண்டு துணுக்குகள் ஒன்றோடொன்று பிணைந்து டைகூமராலாகின்றன. நல்ல புல்லுக்கு அழகாயிருந்த மணமே, கெட்ட புல்லில் விஷத்துக்கு வித்தாயிற்று.

மாற்று மருந்தும் மாற்று விதையும்

இதே காலத்தில் டென்மார்க்கு தேசத்தின் கோப்பன்ஹேகன் நகரத்தில் ஹென்ரிக் டாம் என்பவர் கோழிக்குஞ்சுகளின் தீவனத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொழுப்பு நீக்கிய தீவனத்தை உண்ட குஞ்சுகளுக்குத் தோலின்கீழ் இரத்தம் கசிவதைக் கண்டு, இரத்தம் உறைவதற்குத் தீவனத்தில் ஒரு சத்து அவசியமென்று அறிந்து, 1935-ம் வருஷத்தில் அதற்கு 'வைட்டமின் கே' என்று பெயரிட்டார். கல்லீரல் புரோத்ராம்பினை முறையாக ஆக்குவதற்கு இச்சத்து வேண்டும். டைகூமரால் இச்சத்தின் வேலையைத் தடுத்துவிடுகின்றது. ஆகவே இச்சத்தை மிகுதியாகக் கொடுத்தால் விஷத்தின் வேகத்தை அடக்கலாம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மாட்டுக்கு வந்த நோயும் குஞ்சுக்கு வந்த நோயும் ஒரே பூட்டின் இரண்டு பக்கங்களாயின. டாமுக்கும் அமெரிக்கரான டாய்சிக்கும் 1943-ம் வருஷத்து நோபல் பரிசு இது சம்பந்தமாகவே அளிக்கப்பட்டது. இக்காலத்து மிருக வைத்தியர் இந்நோய்க்கு 'வைட்டமின் கே-1' என்னும் வகையை ஊசிமூலம் செலுத்துகின்றனர்.

ஆயினும் பனியில் வந்த குடியானவரின் குறை, மருந்தினால் முழுவதும் தீருவதன்று. அவருக்கு வேண்டியிருந்தது, ஏழை நிலத்தில் விளைந்து, கெட்டாலும் கொல்லாத தீவனம். அதனைப் பயிர் வமிச ஆராய்ச்சி கொடுத்தது. கூமரின் மிகக் குறைந்த ஸ்வீட் குளோவர் வகைகள் காலக்கிரமத்தில் உண்டாக்கப்பட்டன. கனடாவில் பொலாரா, நார்கோல்டு என்னும் வகைகள் அவ்விதமானவை. கூமரின் குறைந்தால் பூசணம் பூத்தபோதிலும் டைகூமரால் உண்டாவதற்கு இடமில்லை. 'உன் புல்லை எறிந்துவிடு' என்பதற்குப் பதிலாக, 'இந்த விதையை விதை' என்று சொல்லக்கூடிய நிலைமை வந்தது.

மாட்டின் நோயைத் தேடிய இவ்வேலை மனிதருக்கும் பயன்பட்டது. இரத்தக்குழாயில் இரத்தம் கட்டுவதைத் தடுக்க, 1941-ம் வருஷம் முதல் வைத்தியர்கள் டைகூமராலை உபயோகிக்கத் தலைப்பட்டனர். அதன் இனத்தைச் சேர்ந்த 'வார்பரின்' 1948-ம் வருஷத்தில் எலிப் பாஷாணமாகவும், 1954-ம் வருஷம் முதல் மனிதருக்கு மருந்தாகவும் வந்தது. ஆராய்ச்சியின் வருவாயை மீண்டும் ஆராய்ச்சிக்கே செலவிடுவதற்காக 1925-ம் வருஷத்தில் ஏற்பட்ட விஸ்கான்சின் பூர்வ மாணாக்கர் ஆராய்ச்சி நிதியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே அம்மருந்தின் பெயரில் முன்னிற்கின்றன.

கடலைப் பிண்ணாக்கின் பாடம்

ஸ்வீட் குளோவர் விளையாத நாட்டாருக்கு இவ்வரலாற்றால் என்ன என்று கேட்கலாம். பூசணம் ஒரு பயிரோடு நிற்பதன்று. 1960-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மாண்டன. ஆராய்ந்ததில், பிரேசில் தேசத்திலிருந்து தருவித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய 'அப்ளடாக்ஸின்' என்னும் விஷமே காரணமென்று கண்டனர். அவ்விஷம் கல்லீரலைக் கெடுப்பது. கறவை மாடு அதனை உண்டால், உருமாறிய நிலையில் ஒரு பங்கு பாலிலும் இறங்கும். கடலைப் பிண்ணாக்கும் சோளமும் பருத்திக்கொட்டையும் மாட்டுக்குப் போடும் எந்த ஊருக்கும் இது பொருந்தும். ஒரு வீட்டுத் தொட்டியில் போட்ட கெட்ட பிண்ணாக்கு, பால் சங்கத்தின் பொதுப் பாத்திரம்வரை வரக்கூடும் என்பதை அங்கத்தினர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பூசணத்தை உதறித் தட்டினாலும், வெயிலிலே காயவைத்தாலும், கொதிக்கவைத்தாலும், ஏற்கெனவே உண்டான விஷம் முற்றும் நீங்காது. கண்ணுக்குப் பூசணம் தெரியாத தீவனத்திலும் விஷம் இருக்கக்கூடும். ஆதலால் தடுப்பு என்பது அறுவடையிலும் சேமிப்பிலுமே தொடங்கவேண்டும். நன்கு உலர்ந்தபின்னரே போர் போடுதல். போரின் அடியில் ஈரம் ஏறாதபடி மேடையமைத்தல். பிண்ணாக்கு மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் அடுக்குதல். பழையதை முதலில் எடுத்துச் செலவழித்தல். இவையே அதற்குரிய வழிகள்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றில் மூன்று விஷயங்கள் கவனிக்கத்தக்கன.

முதலாவது: ஸ்கோபீல்டின் முடிவு வெளிவந்து ஒன்பது வருஷங்கள் கடந்தும் டீர்பார்க் மாடுகள் மாண்டன. அறிவு அச்சிலிருந்தது, மாற்றுத் தீவனம் இல்லை. வேண்டாத தீவனத்தை எறிவதற்கு வேண்டிய தீவனம் கையிருப்பில் இருக்கவேண்டும். தனிக் குடியானவர் ஒருவருக்கு அது அரிது, சங்கத்துக்கு அரிதன்று. அறுவடைக் காலத்தில் மலிவாகக் கிடைக்கும் நல்ல வைக்கோலையும் தட்டையையும் வாங்கிப் பொதுக் கொட்டகையில் சேமித்து, தீவனம் கெட்டுப்போன அங்கத்தினருக்குத் தவணையில் கொடுத்தால், விஞ்ஞானியின் புத்திமதி அன்றுதான் குடியானவருக்குப் பயன்படும்.

இரண்டாவது: காரணம் தெரியாமல் மாடு நோயுற்றால் அல்லது இறந்தால், எஞ்சிய தீவனத்தை எறிந்துவிடலாகாது. போரின் பல இடங்களிலிருந்தும் பிடிபிடியாக எடுத்து ஒன்றுசேர்த்துக் காகிதப் பையில் அல்லது துணிப் பையில் கட்டி வைக்கவேண்டும். ஈரமுள்ள தீவனத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டினால் வழியிலேயே பூசணம் பெருகும். எத்தனை நாளாக அது போடப்பட்டது, எத்தனை மாடுகள் தின்றன, எவை நோயுற்றன, அண்மையில் காயடித்தல், கன்று ஈனுதல் முதலியன நடந்தனவா என்று ஒரு காகிதத்தில் குறித்து, மாட்டோடு அதையும் கால்நடை வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

மூன்றாவது: மேற்பட்ட மாணாக்கர் தீவனமும் பாலும் சாணமும் கேட்டு ஊருக்குள் வரும்போது அவரை விலக்கலாகாது. உண்மையான கணக்கை அவருக்குச் சொல்லவேண்டும். பலன் இவ்வருஷமே கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கலாம், கிடையாமலும் போகலாம். காம்பெலின் பளிங்குத் துகள் டீர்பார்க் மாடுகளை உயிர்ப்பிக்கவில்லை. ஆனால் பின்வந்த மாடுகளுக்கு மருந்தும், பின்வந்த குடியானவருக்கு விதையும் அவ்வேலையின் வழியே வந்தன.

அந்தக் குடியானவர் லாரியில் ஏற்றிவந்த மூன்றனுள், இறந்த கிடாரி நஷ்டத்தைக் காட்டிற்று. பால் கேனிலிருந்த இரத்தம் நோயைக் காட்டிற்று. கெட்ட புல்லின் கட்டே காரணத்துக்கு வழிகாட்டிற்று. அக்கட்டை வீட்டிலேயே எரித்துவிட்டு அவர் வந்திருப்பாரேல், ஷோபெலின் மனக்கொதிப்புக்கு வேலை ஏதும் கிடைத்திராது. கலாசாலைக்கு அறிவு எவ்வளவு அவசியமோ, குடியானவர் கொண்டுவரும் ஒரு கட்டுப் புல்லும் அவ்வளவு அவசியம். அக்கட்டைக் கலாசாலைக்குக் கொண்டுசேர்ப்பதும், அங்கிருந்து வரும் விடையைத் தொழுவம்வரை கொண்டுவருவதும், அவ்விடையைக் கைக்கொள்ளுவதற்கு வேண்டிய தீவனத்தைச் சேர்த்துவைப்பதும் கூட்டுறவுச் சங்கத்தின் கடமையாகும்.